புளி போட்ட கார்புரேட்டர்

சாவு வீட்டில் பெண்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். அழ வேண்டும், அழுகிறவர்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வருகிறவர்களுக்குக் காப்பி கலக்க வேண்டும், விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. நாற்காலியை விரிக்கலாம். பிறகு அதே நாற்காலியை மடக்கலாம். நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?" என்று எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தையே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம். இப்படிச் சும்மா நிற்கிற அவஸ்தை தாங்காமல்தான் உலகத்தில் பல முட்டாள்தனங்கள் நடக்கின்றன என்பது என் அபிப்பிராயம். என் மாமனார் இறந்தபோது நான் செய்ததும் அந்த வகைதான். அவருடைய படகு மோட்டாரின் கார்புரேட்டரைக் கழற்றினேன்.

(கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கலாம். அன்று யாரும் சிரிக்கவில்லை. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்களும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.)

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அப்போதும் அங்கேதான், இப்போதும் அங்கேதான். சுண்டுவிரல் நீள ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டு கடுகளவு திருகைக் கழற்றி மாட்டுவது என் பிழைப்பு. இதனால் எனக்கு ஒரு திமிர் உண்டு. திருகு போட்டு மூடியிருக்கிற எதையும் என்னால் திறக்க முடியும் என்று நம்பினேன். திறக்கிற வரைக்கும் அது உண்மைதான்.

எங்கள் கடையில் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. தண்ணீர் ஊற்றி, அழுக்குக் கண்ணாடியை உள்ளே போட்டுப் பொத்தானை அமுக்கினால் உர்ரென்று அதிரும். கண்ணுக்கே தெரியாத இடுக்கில் ஒளிந்திருக்கிற அழுக்கெல்லாம் புகை மாதிரி கிளம்பி வெளியே வந்துவிடும். தினமும் அந்தப் பொத்தானை அமுக்குகிறவன் நான். இந்தத் தொட்டியை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

மாமாவுக்கு தெலுக் பங்லிமா காராங்கில் வீடு. அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு ஃபைபர் படகும், அதன் பின்னால் மாட்ட நாற்பது குதிரைச் சக்தி மோட்டாரும் இருந்தன. மோட்டார் என் மனைவி கஸ்தூரியைவிட வயதில் மூத்தது. வாரக் கடைசியானால் மாமா ஆற்றுவழியாகக் கடலுக்குப் போய்விடுவார். அந்த மோட்டார் விஷயத்தில் அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. பொம்பளை ஏறினால் மீன் கடிக்காது, ஆகவே அத்தை படகில் ஏறக் கூடாது. கடலில் நின்றுபோன படகுகளை அவர் எத்தனையோ முறை கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார். "ஆனா என் போட்டு யாரு கயித்துலயும் வந்ததில்ல மாப்ள" என்பார். அதைச் சொல்லும்போது நெஞ்சைத் தட்டிக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை நான் மோட்டாரின் மூடியைத் தடவிப் பார்த்தேன். பதறிப்போய் ஓடி வந்தார். "மாப்ள, அது கண்ணாடி தொடைக்கிற கையி. இத தொடாதீங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

பிறகு மாமா படுத்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியும் வீடுமாக இழுத்தது. வீட்டுக்குப் பின்னால் ஜிங்க் தகரக் கொட்டகையில் படகு கிடந்தது. மோட்டாருக்குள் மிச்சமிருந்த பெட்ரோல் மெல்ல மெல்லப் பிசினாகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம்?

மாமா போய்ச் சேர்ந்த மறுநாள் அஸ்தியை வாங்கி வந்தோம். அன்றைக்கே கிள்ளான் துறைமுகத்தில் வாடகைப் படகு பிடித்துக் கரைத்துவிடலாம் என்றார் மச்சான் சேகர். கஸ்தூரியின் அண்ணன், கொள்ளி வைத்தவர், மொட்டைத் தலையோடு நின்றிருந்தார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் திருப்பினார்.

"அவரு வாடக போட்டுல போவமாட்டாரு. அவரோட போட்டுலதான் போவாரு. நானும் வரேன்."

"ம்மா, அந்த மோட்டாரு ஸ்டார்ட்டே ஆவாதும்மா. கார்பரேட்டர் அடச்சிருக்கும். மெக்கானிக் அஸ்மான் ராயாப் பெருநாளுக்குக் கிளந்தான்ல சொந்த ஊருக்குப் போயிட்டாரு, எப்ப வருவாருன்னு தெரியல."

"பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள கரைச்சாப் போதும்."

"அதுக்குள்ள முடியலன்னா?"

அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். இருபது வருஷம் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தியவர். நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் அசராதவர். அவருடைய உதடு நடுங்குவதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. காலையிலிருந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருந்த கை துறுதுறுத்தது.

"நான் பாக்கிறேன் அத்தை," என்றேன்.

கஸ்தூரி என் இடுப்பில் கிள்ளினாள். சேகர் மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் அத்தை என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த வீட்டு மாப்பிள்ளையான பிறகு முதல் முறையாக நான் எதற்கோ உபயோகப்படுவேன் போலிருக்கிறது என்கிற பார்வை அது. அதற்குப் பிறகு பின்வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

அஸ்திப் பானையை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது வழக்கம். எங்கே வைப்பது என்று யோசித்து, கொட்டகையில் படகிலேயே, மாமா வழக்கமாக உட்கார்கிற பலகையில், வெள்ளைத் துணி சுற்றி வைத்தார்கள். மோட்டாருக்கு நேர் எதிரே. ஆக, தொடாதே என்று சொன்ன மனிதரின் கண் முன்னாலேயே நான் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு திருகுக்கும் "மன்னிச்சிருங்க மாமா" என்று முணுமுணுத்தேன்.

கொட்டகைப் பக்கம் வந்த சேகர் மச்சான் நின்றார். "யாருகிட்ட பேசுற?"

"மாமாகிட்ட."

"என்னா சொல்றாரு?"

"தொடாதேங்கிறாரு."

"கேளேன்லா."

கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரர் கார்புரேட்டரைப் பிரிக்கும் வீடியோவை மூன்றாவது தடவையாக ஓடவிட்டிருந்தேன். அவருடைய மேஜை எங்கள் கடைக் கண்ணாடி அலமாரியைவிடச் சுத்தமாக இருந்தது. பிரித்த சாமான்களை வரிசையாக வைக்கச் சொன்னார். மோட்டாருக்கு இரண்டு கார்புரேட்டர். கலந்துவிடக் கூடாதென்று நான் ஒவ்வொன்றின் சாமானையும் ஒவ்வொரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், மிச்சச் சாம்பாரை வீட்டுக்குக் கொண்டுபோக டப்பா தேடிய ஒரு பெரியம்மா, ஒன்றில் இருந்ததை மற்றொன்றில் கொட்டிவிட்டு டப்பாவோடு போய்விட்டார். (அவரைக் குற்றம் சொல்ல முடியாது. துக்க வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் கார்புரேட்டர் இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?) எது எதனுடையது என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தடவித் தடவிப் பிரித்தேன்.

கார்புரேட்டரின் கிண்ணத்துக்குள் பழைய பெட்ரோல் பாகு பதத்தில் உறைந்திருந்தது. அதை அழுக்கு நீக்கும் ஸ்பிரே அடித்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டேன். மிதவை, அதைத் தாங்கும் ஊசி, ரப்பர் வளையங்கள், கேஸ்கெட் எல்லாம் கிள்ளானில் வாங்கிய உதிரிபாகக் கிட்டில் புதிதாக வந்தன. மிச்சம் இருந்தவை ஜெட்டுகள்தான். ஜெட் என்பது பித்தளையில் செய்த சின்னக் குமிழ். நடுவில் ஊசி முனையளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் மோட்டாருக்குள் ஏறும். மெதுவாக ஓடுவதற்கு ஒரு குட்டி ஜெட், வேகமாக ஓடுவதற்கு ஒரு பெரிய ஜெட். குட்டி ஜெட்டுகளைக் கழற்றப் பார்த்தேன். தலை மழுங்க ஆரம்பித்தது. பயந்துபோய், ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு அதை அப்படியே விட்டேன். பெரிய ஜெட்டுகள் கையோடு வந்துவிட்டன. பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறி, பார்க்கவே சகிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தை பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, காரியத்துக்கு வேண்டிய விளக்கையும் செம்பையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை ஒரு சுற்றுச் சுற்றியது. கறுத்துக் கிடந்த செம்பிலிருந்து தங்கம் மாதிரி ஒரு வட்டம் எழுந்து வந்தது. நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். இதுவும் பித்தளை. அதுவும் பித்தளை. ஆகா!

"அத்தை, கொஞ்சம் புளி குடுங்க."

அத்தை எதற்கு என்று கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்கள் யார் என்ன கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். எலுமிச்சை அளவு உருண்டை கொடுத்தார். நான் கொட்டகைக்குப் போய் ஜெட்டுகளைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தேன். வெளியே பளபளத்தால் போதுமா, உள்ளேயும் சுத்தமாக வேண்டாமா? அதனால் கட்டைவிரலால் புளியை ஓட்டைக்குள்ளும் நன்றாக அமுக்கினேன். பிறகு தண்ணீரில் அலசினேன். மூக்குத்தி மாதிரி ஜொலித்தன. கடையில் துடைத்த கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நான் யாரிடமும் கொடுத்ததில்லை. இந்த ஜெட்டுகளை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை. பளபளப்பைப் பார்த்த சந்தோஷத்திலேயே மாட்டிவிட்டேன்.

மோட்டாரை நீல நிறத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கி, புதுப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றி, கயிற்றை இழுத்தோம். மச்சான் இழுத்தார், நான் இழுத்தேன், மறுபடி மச்சான் இழுத்தார். குபுக்கென்று புகை வந்தது. இருமியது. ஓடியது! டுக்கு டுக்கு டுக்கு என்று, ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. டிரம்முக்குள் யாரும் வேகம் கொடுத்துப் பார்ப்பதில்லை. தண்ணீர் எல்லாம் வெளியே கொட்டிவிடும். நாங்களும் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு அத்தை வெளியே வந்தார். ஈரக் கையோடு கொட்டகை வாசலில் நின்றார். வருஷக்கணக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியும்போது, கடலுக்குப் போகுமுன் மாமா ஓட்டிப் பார்க்கிற சத்தம் அது. படுக்கையில் இருந்தபடி அத்தை கேட்டிருப்பார். அப்படியே தரையில் உட்கார்ந்து, மாமாவின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். அவர் இறந்த அன்றுகூட அத்தை இப்படி அழவில்லை. கஸ்தூரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எனக்கும் கண்ணீர் வந்தது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நெஞ்சும் நிமிர்ந்தது. "பரவால்லலா மாப்ள" என்று மச்சான் என் தோளைத் தட்டினார். பானையைப் பார்த்து, 'பாத்தீங்களா மாமா?' என்று மனசுக்குள் கேட்டேன். கண்ணாடி துடைக்கிற கையாம்!

அஸ்தி கரைக்கிற நாள் காலையில் சொந்தக்காரர்கள் எல்லாம் ஆற்றங்கரை ஜெட்டியில் (படகுத்துறைக்கு இங்கே அதுதான் பெயர்) கூடினார்கள். ஐயர் ஜெட்டியிலேயே சடங்குகளைச் செய்தார். கடைசியில் மச்சானிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "பானைய விட்டதும் போட்ட திருப்பிக்கிட்டு வந்துருங்க. யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அவரு ஆத்மாவுக்கு இங்கேருந்து போவ மனசு வராது."

அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகை நோக்கி வந்தபோது மாமாவின் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கி, "அண்ணி, அண்ணனுக்குப் பொம்பளைங்க போட்டுல ஏறுனாப் புடிக்காதே" என்றார்.

"இன்னிக்கு மீன் புடிக்கப் போவல," என்றார் அத்தை. ஏறி உட்கார்ந்து பானையை மடியில் வாங்கிக்கொண்டார்.

படகில் அத்தை, மச்சான், கஸ்தூரி, நான். மாமா மீன் பிடிக்கிற இடம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், சதுப்புக் காடு முடிகிற முனையைத் தாண்டி இருந்தது. அவர் கையில் மோட்டார் இருந்தால், கொண்டுபோன காப்பி ஆறுவதற்குள் அங்கே போய்விடுவாராம். ஜெட்டியைவிட்டு மெதுவாகத்தான் கிளம்பினோம். கரையில் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். ஆற்றின் வளைவு தாண்டியதும், இனி மாமாவுக்கு ஏற்ற மரியாதையோடு போவோம் என்று வேகத்தைத் திருகினேன்.

மோட்டார் பெருமூச்சு விட்டது. நின்றது.

மறுபடி கயிற்றை இழுத்தேன். ஓடியது. வேகம் கொடுத்தேன். நின்றது. நான் இழுப்பதும், அது ஓடுவதும், நான் திருகுவதும், அது சாவதுமாக (அந்த வார்த்தையை அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு!) படகு ஒரே இடத்தில் சுற்றியது. கடைசியில் உண்மை தெரிந்தது: நடக்கிற வேகத்தில் போனால் ஓடும். அதற்கு மேல் ஒரு மயிரிழை கூட்டினாலும் நின்றுவிடும். அதாவது, நான் கழற்றப் பயந்து விட்டுவிட்ட ஜெட்டுகள் வேலை செய்தன. நான் பாடுபட்டுச் சுத்தம் செய்தவை வேலை செய்யவில்லை.

"திரும்பிடலாமா?" என்றேன்.

"வேணாம்," என்றார் அத்தை. "ஓடுற வேகத்துலயே போங்க மாப்ள."

பெட்ரோல் டாங்கிலிருந்து மோட்டாருக்கு வரும் குழாயின் நடுவில் முட்டை மாதிரி ஒரு ரப்பர் பம்ப் இருக்கும். அதை அமுக்கிக்கொண்டே இருந்தால் மோட்டார் கொஞ்சம் திடமாக ஓடியது. அது அத்தையின் காலடியில் கிடந்தது. அத்தை குனிந்து எடுத்தார். ஒரு கையால் மாமாவை அணைத்துக்கொண்டு, மறு கையால் அதை அமுக்க ஆரம்பித்தார். கஸ்தூரி வாங்கப் போனாள், தரவில்லை.

எங்களை எல்லாப் படகுகளும் தாண்டிப் போயின. நண்டுக் கூடு ஏற்றிய ஒரு படகில் போன சீனக் கிழவர் வேகத்தைக் குறைத்து, உதவி வேண்டுமா என்று மலாயில் கேட்டார். "தாக் ஆப்பா அங்கிள், பெலான்-பெலான்," என்றார் அத்தை. பரவாயில்லை, மெதுவாகவே போகிறோம் என்று. கிழவர் பானையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்.

கொஞ்ச தூரம் போனதும் அத்தை பேசத் தொடங்கினார். எங்களிடம் இல்லை.

"எத்தன தடவ கேட்டிருப்பேன், ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போங்கன்னு? அடுத்த வாரம், அடுத்த வாரம்னீங்க. மீன் கடிக்காதாம்! கடிக்காட்டி மார்க்கெட்டுல வாங்கிக்கிறது. நானா சமைக்க மாட்டேன்னேன்? இம்புட்டுக் காத்து, இம்புட்டுத் தண்ணி. எல்லாத்தையும் நீங்க மட்டும் ஒத்தையில பாத்துட்டு வந்து, வீட்டுல தூங்குனீங்க."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கை ஒரு தடவை அமுக்கியது. மோட்டார் டுக்கு டுக்கு என்று கேட்டுக்கொண்டு வந்தது. பாதி திட்டு, பாதி செல்லம். மகள் பிறந்த கதை வந்தது, சீட்டு ஏமாந்த கதை வந்தது, ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னவோ சொல்ல வந்து சொல்லாமல் போனது வந்தது. நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மச்சானின் மொட்டைத் தலை குனிந்தே இருந்தது.

ஒருவழியாக அந்த இடத்துக்கு வந்தோம். மரியாதைக்காக மோட்டாரை அணைத்தேன். மச்சான் பானையை வாங்கித் தண்ணீரில் இறக்கினார். பால் ஊற்றினோம், பூத் தூவினோம். அத்தை ரோஜா மாலையைத் தண்ணீரின் மேல் மெல்ல வைத்தார்.

"சரி, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. மாப்ள, எடு," என்றார் மச்சான்.

எல்லோரும் திரும்பிக்கொண்டோம். நான் கயிற்றை இழுத்தேன். ஒன்றுமில்லை. இழுத்தேன், இழுத்தேன், உள்ளங்கை தோல் உரிகிற வரைக்கும் இழுத்தேன். அத்தை வழியெல்லாம் அமுக்கிய பெட்ரோல் உள்ளே நிரம்பி, தீப்பொறி போடும் பிளக் நனைந்துபோயிருந்தது. மோட்டார் இருமக்கூட இல்லை.

கடல் உள்வாங்கும் நேரம் தொடங்கியிருந்தது. ஆற்றுநீர் கடல் பக்கமாக எங்களை மெதுவாகக் கொண்டுபோனது. அதே நீர்தான் மாலையையும் கொண்டுவந்தது. டொக் என்று மாலை படகின் ஓரத்தில் முட்டியது. நாங்கள் அவசரமாக எதிர்ப்பக்கம் திரும்பினோம். படகு சுற்றியது. இப்போது மாலை அந்தப் பக்கம் வந்தது. மறுபடி திரும்பினோம். நாலு பெரிய மனிதர்கள் நடுத்தண்ணீரில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு மாலைக்குப் பயந்து, பலகையில் இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டிருந்தோம். எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. ஒரு மனிதரை ஒழுங்காக வழியனுப்பக்கூட எனக்கு வக்கில்லையே! தொடாதீங்க என்று அவர் சொன்னபோதே கேட்டிருக்கலாமே!

"நங்கூரத்தப் போடு மாப்ள," என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமலே. "இல்லன்னா கப்பல் போற எடத்துக்குப் போயிருவோம்."

நங்கூரத்தைத் தூக்கினேன்.

"இருங்க," என்றார் அத்தை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தை திரும்பி உட்கார்ந்திருந்தார். மாலையை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்மா, ஐயரு சொன்னாருல்ல…"

"ஐயரு மோட்டாரு ஓடும்னு நெனச்சிச் சொன்னாரு," என்றார் அத்தை. "கொஞ்ச நேரம் இருக்கட்டும். இப்பத்தான என்னையக் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு."

கஸ்தூரியும் திரும்பினாள். மச்சானும் திரும்பினார். பிறகு நானும் திரும்பினேன். மாலை எங்களோடு பக்கத்திலேயே வந்தது. தூவிய பூக்களும் சுற்றி வந்தன. அத்தை கையை நீட்டி மாலையை ஒருமுறை தொட்டார். ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படிப் போனோம் என்று தெரியவில்லை.

"சரிங்க," என்றார் அத்தை, மாலையிடம். "பாத்துப் போங்க." பிறகு என்னிடம், "இப்பப் போடுங்க மாப்ள."

நங்கூரத்தைப் போட்டேன். கயிறு இறுகியது. படகு நின்றது. மாலை நிற்கவில்லை. நீரோடு போய்க்கொண்டே இருந்தது. அது கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் நாலு பேரும் பார்த்தோம்.

திரும்பி வரும்போது அந்தச் சீனக் கிழவர்தான் எங்களுக்குக் கயிறு வீசினார். யார் கயிற்றிலும் வந்திராத மாமாவின் படகு, நண்டுக் கூடுகளுக்குப் பின்னால், மொத்தச் சொந்தமும் பார்த்துக்கொண்டிருக்க, ஜெட்டிக்கு வந்தது. நான் படகின் அடியில் பார்வையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐயர் குனிந்து கேட்டார்: "யாரும் திரும்பிப் பாக்கலியே?"

"நாங்க எங்கயும் போவவே இல்ல சாமி," என்றார் மச்சான். "அப்புறம் எங்கேருந்து திரும்பிப் பாக்கிறது?"

வீட்டுக்கு வந்து குளித்தவுடன் கொட்டகைக்குப் போய் ஜெட்டைக் கழற்றினேன். கஸ்தூரி அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

"என்னங்க, உள்ள ஏதோ மயிர் மாதிரி இருக்கு?"

குண்டூசியால் இழுத்தாள். பழுப்பு நிறத்தில், தலைமுடி கனத்தில், ஒன்று வந்தது. பின்னால் நின்ற அத்தை அதைத் தன் விரலில் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இது புளி நாரு."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடி, செம்பு, பித்தளை, கட்டைவிரல். அத்தையின் முகம் கோணியது. தோள் குலுங்கியது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்த பெண்கள் ஓடிவந்து, அழுகிறார் என்று நினைத்து இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். "அழாதீங்கக்கா, அழாதீங்கக்கா" என்று அவர்களும் அழத் தொடங்கினார்கள். அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"கேட்டிருந்தாக் கொஞ்சம் கருவேப்பிலையும் குடுத்திருப்பேனே மாப்ள!"

அன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதல் சிரிப்பு கேட்டது. பிடித்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மறுவாரம் ஜெட்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுபோனேன். கடைத் தொட்டியில் போட்டுப் பொத்தானை அமுக்கினேன். உர்ரென்றது. மிச்சப் புளியெல்லாம் புகை மாதிரி கிளம்பி வந்தது. காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்தத் தொட்டிக்கு முன்னால் நான் நின்ற நிலையைப் பார்த்து, "யாருலா செத்தது?" என்று முதலாளி மறுபடியும் துக்கம் விசாரித்தார்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளுக்கு நான் 'புளி மாமா'. யார் வீட்டிலாவது ஃபிரிட்ஜ் ரிப்பேர், கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், சேகர் மச்சான் முதலில் போடும் செய்தி, "மாப்ளையக் கூப்பிடுங்க, வீட்டுல புளி இருக்கா?" என்பதுதான். கல்யாண வீடானாலும் சரி, காது குத்தானாலும் சரி, ரசம் பரிமாறும்போது யாராவது என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் பழகிக்கொண்டேன்.

மோட்டார் இப்போது பிரமாதமாக ஓடுகிறது. அதைத் தொட எனக்கு மட்டும்தான் அனுமதி. அத்தை போட்ட சட்டம். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நாங்கள் அந்த முனைக்குப் போகிறோம். அத்தை ரப்பர் பம்ப்புக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். அமுக்க வேண்டிய தேவையே இல்லை, இருந்தாலும் கை அதன் மேல்தான் இருக்கும். நான் கொஞ்சம் வேகம் கொடுத்தால் முதுகில் தட்டுவார். "பெலான்-பெலான்" என்பார்.

பூவைத் தண்ணீரில் விட்டதும் சேகர் மச்சான் இன்றைக்கும் ஐயர் பிள்ளை மாதிரி, "சரி, திரும்பிப் பாக்காமப் போவலாம்" என்பார். நான் படகைத் திருப்பப் போவேன். அத்தை வருஷம் தவறாமல் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்.

"மோட்டார நிறுத்துங்க மாப்ள. கொஞ்ச நேரம் அது கெட்டுப்போயே இருக்கட்டும்."

நான் நிறுத்திவிடுவேன்.